சாமி ஏறாத ஓட்டம்

2022 ஆகஸ்ட் 1, திங்கள்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். கொரோனாவால் இரண்டு ஆடி மாதம் ரத வீதிக்கு வராமல் நின்றுவிட்ட ஆண்டாள் தேர் அன்றைக்குத்தான் மறுபடி நகர்ந்தது. 'கோவிந்தா, கோபாலா' சத்தத்தில் வீதி அதிர்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் வடத்தில் கை வைக்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வலது காலை முக்காலிமேல் நீட்டியிருந்தேன். காலில் விரல் அடியிலிருந்து முழங்கால் வரை கிரேப் பேண்டேஜ்.

தேர் எங்கள் வாசலைத் தாண்டியதும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் நின்னுட்டு ஓடுது தேரு. ஒரு ஆணி கழறல. நீ பதினேழு வருஷம் நின்னுட்டு ஓடப் போன. இருபது நிமிஷம் தாங்கலையே தம்பி!"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி, ஜன்னலோரம் காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அது என்னைக் குடைந்தது. நான் நூற்பாலையில் ஃபிட்டர். நின்ற இயந்திரத்தை மறுபடி ஓட வைப்பதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டாலும் தகும், என்னிடம் கேட்கும்படி வந்திருக்கக் கூடாது.

தேர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆண்டாள் தேரைப் பற்றிப் பேசினால் மரச்சக்கரக் காலத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அப்போதெல்லாம் இழுத்த அன்றே தேர் நிலைக்கு வந்துவிடாது. வீதியில் எங்கே நின்றதோ அங்கேயே இரவு தங்கும், மறுநாள் தொடரும். சக்கரம் பதிந்துவிட்டால் பின்னால் தடி போட்டு நெம்புவார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகுதான் ஒரே நாளில் நான்கு வீதியும் சுற்றி நிலை சேர்கிறது.

இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தேரை ஓட்டுவது என்னவோ சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே வரும் சில பேர்தான். கையில் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். ஆப்பு வடிவில் சீவிய கட்டை. தேர் வேகம் எடுத்தால் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுப்பார்கள். திருப்பத்தில் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துத் தேரைத் திருப்புவார்கள். கொடுத்த கையை அரை நொடி தாமதமாக எடுத்தால் கை இருக்காது. பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடாதே' என்றால் வசவு. தேரடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லையென்றால் தேர் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும்.

நீண்ட நாள் நின்ற தேருக்கு இன்னொரு முறையும் உண்டு, வெள்ளோட்டம். புதிதாகச் செய்த தேரானாலும் பழுது பார்த்த தேரானாலும் முதலில் சாமியை ஏற்றாமல் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது. எங்கே அச்சு கிரீச்சிடுகிறது, எந்தத் திருப்பத்தில் சாய்கிறது, வீதியில் எந்த இடம் பள்ளம் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். திருவாரூர் ஆழித்தேர் 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றது. 1970ல் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் பிரேக்கும் பொருத்தித்தான் மறுபடி ஓட்டினார்கள். பின்னாளில் சீரமைப்புக்காகச் சில ஆண்டு நின்றபோதும், 2015ல் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகுதான் 2016ல் தியாகராஜர் ஏறினார். நின்ற தேரைச் சும்மா நம்பிவிடக் கூடாது என்பது நம்முடைய ஊர்களுக்குப் பல தலைமுறைப் பாடம். எங்கள் தேர் ஓடிய நாளுக்கு முந்தின நாள்தான், ஜூலை 31ஆம் தேதி, புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் கோயில் தேர் சாய்ந்து பலர் காயம்பட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த எல்லோர் வாயிலும் அன்றைக்கு அந்தப் பேச்சுதான்.

இனி என் கதை.

1993ல் மில்லில் சேர்ந்தபோது எனக்கு 20 வயது. வேலை கிடைத்ததில் பாதிப் பங்கு பூப்பந்துக்கு. மில்லுக்கென்று ஒரு டீம் இருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, நாலு மணிக்கு மண் தரையில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டால் இருட்டும்வரை ஆட்டம். பூப்பந்து தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்தது, ஆண்டு 1856 என்பார்கள். 1954ல் அகில இந்தியக் கூட்டமைப்பு வந்தது. 1970ல் ஜெ. பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கும் முன்பு தென்மாவட்டத்துப் பள்ளிகளிலும் மில்களிலும் சாயங்காலம் என்றால் பூப்பந்துதான். பக்கத்துக்கு ஐந்து பேர். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, எடை 30 கிராமுக்குள். எங்கள் காலத்தில் 29 எண்ணிக்கைக்கு ஒரு கேம். பந்து தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. அதனால் முன்னால் பாய வேண்டும், சடாரென்று பின்னால் எட்ட வேண்டும், முழங்கால் மடித்துக் கோதி எடுக்க வேண்டும். நான் பின்வரிசை. எட்டி எடுப்பதில் பெயர் வாங்கியவன்.

2005ல் நிறுத்தினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மகள் பிறந்தாள், ஷிப்ட் மாறியது, மைதானத்தில் பாதி குடோன் ஆனது. ராக்கெட் பரணில் ஏறியது.

ஊரடங்கெல்லாம் முடிந்து 2022 கோடையில் பழைய ஆட்கள் சிலர் வாட்ஸ்அப்பில் கூடினோம். ஞாயிறு காலை ஒரு பள்ளிக்கூடத்துத் தரை கிடைத்தது. ஜூலை இரண்டாவது ஞாயிறு நான் போனேன். வீட்டில் மனைவி, "முதல்ல நாலு நாள் நடங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குது, இதுல குதிக்கப் போறீங்களாக்கும்" என்றாள். "எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தரை சிமெண்ட். நாங்கள் ஆடிப் பழகியது மண். மண் தரையில் கால் கொஞ்சம் வழுக்கி, விசையை விட்டுக்கொடுக்கும். சிமெண்ட் பிடித்த பிடியை விடாது. அதைக் கவனித்தேனா? இல்லை. இரண்டு தடவை கையைச் சுழற்றினேன், அதுதான் வார்ம் அப். முதல் கேம் நன்றாகவே போனது. கை மறக்கவில்லை. பந்து எங்கே வரும் என்று கண்ணுக்கு முன்பே தெரிந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் "அங்கிள் சூப்பர்" என்றதும் 49 வயது எனக்கு 29 ஆகிவிட்டது. இரண்டாவது கேமில் எண்ணிக்கை 17க்கு 16. எதிராளி எனக்குப் பின்னால் தூக்கிப் போட்டான். பின்னங்காலை ஊன்றி ஒரே உதை.

யாரோ பின்னாலிருந்து என் கெண்டைக்காலில் கல்லால் அடித்தது போல இருந்தது. 'டப்' என்று சத்தம்கூடக் கேட்டது எனக்கு. "எவன்டா அது?" என்று திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

கெண்டைச் சதை கிழிந்த ஏறத்தாழ எல்லோரும் இப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று பிசியோதெரபிஸ்ட் பிற்பாடு சொன்னார். அந்தச் சதை முழங்காலையும் தாண்டிப் போகிறது, கணுக்காலையும் தாண்டிப் போகிறது. முழங்கால் நிமிரும் அதே நொடியில் குதிகால் தரையை உதைத்தால் இரண்டு முனையிலும் இழுபடும். நாற்பது வயதைத் தாண்டி, பழக்கம் விட்டுப்போன காலில் அது கிழிவதற்கு ரொம்ப யோசிக்காது.

அன்றைக்கு இன்னொரு தப்பும் நடந்தது. கூட்டாளி ஒருவர் வேப்பெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, "சுளுக்குதான், உருவிவிட்டா சரியாயிடும் மாப்ளே" என்று அரை மணி நேரம் உருவினார். சாயங்காலத்துக்குள் கால் பூசணிக்காய் ஆனது. கிழிந்த சதையில் உள்ளே ரத்தம் கசியும் நேரத்தில் சூடும் அழுத்தி உருவுவதும் கசிவைக் கூட்டும். முதல் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியது அழுத்திக் கட்டுவது, காலை உயர்த்தி வைப்பது, பாரம் குறைப்பது. அவ்வளவுதான். மறுநாள் பிசியோதெரபிஸ்ட் தன் அறையில் ஒரு துணி உருளையைப் பிரித்து, கால்விரல் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற ஆரம்பித்தார். துணியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊருக்குத் தெரியாத துணியா அது.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. பஸ்ஸில் போனாலே தறிச் சத்தம் கேட்கும். அங்கேயும் சுற்றுவட்டத்திலும் விசைத்தறியில் ஓடுவதில் பெரும்பகுதி பேண்டேஜ் துணிதான். நாட்டில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் அந்தத் துணி எங்கள் பக்கத்துத் தறியில் பிறந்ததாக இருக்கலாம். இந்தத் தொழிலின் வேர் ராஜபாளையத்து மில்களில் இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மூன்று ஆண்டு கழித்து, 1939ல், ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ். அதே ஆண்டில்தான் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பஞ்சும் கட்டுத் துணியும் உலகத்துக்கே எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சும்மா நெய்தால் அது பேண்டேஜ் ஆகிவிடாது. பச்சைப் பருத்தியில் மெழுகு இருக்கிறது, தண்ணீரை உறிஞ்சாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, மெழுகு போன பிறகுதான் காயத்துக்கு ஆகும். சோதனை எளிது: பஞ்சைத் தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் முங்க வேண்டும். மிதந்தால் தள்ளுபடி. கிரேப் பேண்டேஜ் இன்னும் நுணுக்கம். ரப்பர் இல்லாமலே அது இழுபடுவதற்குக் காரணம் முறுக்கு. சாதாரண நூலைவிட மிக அதிகமாக முறுக்கேற்றிய நூலை, ஒன்று இடமுறுக்கு, ஒன்று வலமுறுக்கு என்று பாவில் கொடுப்பார்கள். நெய்து நனைத்தால் ஒவ்வொரு இழையும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், ஒன்றையொன்று பிடித்துச் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் இழுத்தால் கொடுக்கும், விட்டால் வாங்கும். ரொம்ப நாள் மடித்து வைத்திருந்த பேண்டேஜ் தளர்ந்து போயிருந்தால் துவைத்துக் காய வைத்தால் மறுபடி உயிர் வரும். சதையும் தசைநாரும் ஏறத்தாழ இப்படித்தான். கொடுத்து வாங்குவது அதன் குணம். மடித்தே வைத்தால் குணம் தளரும்.

எவ்வளவு சீக்கிரம் தளரும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1966ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது. மூன்று வாரத்தில் அவர்கள் உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது, தொப்பை. ஆனாலும் முப்பது வருட வயது செய்த சேதம், மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவு. அதோடு விடாமல் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். இருபது வயதில், படுக்கைக்கு முன் இருந்த அளவுக்குத் திறன் திரும்பி வந்தது. இதைப் படித்தபோது, ஐம்பதைத் தொடப்போகும் எனக்கு அந்த 'ஆறு மாதம்' என்ற சொல்தான் கண்ணில் பட்டது. நான் இருபது நிமிடத்தில் எடுக்கப் பார்த்தது அதைத்தான்.

தொழில்முறை ஆட்டக்காரர்களும் விதிவிலக்கு இல்லை. 2011ல் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து நான்கு மாதத்துக்கு மேல் கதவடைப்பு. வீரர்கள் அணியின் பயிற்சிக்கூடத்துக்குள்ளேயே வர முடியவில்லை. தகராறு தீர்ந்ததும் நேராகக் கடும் பயிற்சி. முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிநாண் அறுந்தது, அடுத்த 17 நாளில் இன்னும் 2 பேருக்கு. கதவடைப்பு ஒன்றுதான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், ஆராய்ந்தவர்கள் கை காட்டியது அந்த இடைவெளியைத்தான். உலகத்திலேயே திடகாத்திரமான ஆட்கள், கோடிகளில் சம்பளம். அவர்களுக்கே அப்படி.

பிசியோ சொன்ன காரணம் எனக்கு மில் மொழியில் புரிந்தது. நின்று தொடங்கும்போது எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. ஆட்டம் மூளைக்கு முதல் நாளே ஞாபகம் வந்துவிடும். மூச்சு சில வாரத்தில் வரும். சதை அதற்குப் பிறகு. சதையை எலும்போடு கட்டும் தசைநார் எல்லாவற்றுக்கும் கடைசி, மாதக்கணக்கு ஆகும். 'இப்போ நல்லா இருக்கே' என்று தோன்றும் மூன்றாவது நாலாவது வாரம்தான் ஆபத்து. மோட்டார் முழு வேகத்துக்குத் தயார், பேரிங் தயாரில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது எங்கள் மில்லை எப்படி நிறுத்தினோம் என்று நினைத்துப் பார்த்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஒவ்வொன்றிலும், மேல் உருளையை அழுத்திப் பிடிக்கும் டாப் ஆர்மின் அழுத்தத்தை விடுவித்துவிட்டுத்தான் போனோம். விடுவிக்காவிட்டால் மேல் உருளையின் ரப்பர் காட்ஸ் ஒரே பக்கமாக நசுங்கித் தட்டையாகிவிடும். மறுபடி ஓட்டினால் நூலில் அதே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கோளாறு விழும். திறந்தபோது ஃபிரேமைக் கையால் உருட்டிப் பார்த்தோம், டேப்பின் தொய்வு பார்த்தோம், ஸ்பிண்டில் எண்ணெயை மாற்றினோம். பிறகு பஞ்சு கொடுக்காமல் வெறுமனே ஓட்டினோம். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும் ஸ்பிண்டிலை முதல் நாளே அந்த வேகத்தில் விட்டிருந்தால் மேஸ்திரி எங்களைத் தொலைத்திருப்பார். புது ரிங் போட்டால் இன்னும் கண்டிப்பு. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைத்து ஓட்ட வேண்டும், ரிங்கில் ஓடும் டிராவலரை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்கு 'ரன்னிங் இன்' என்று பெயர். அவசரப்பட்டால் ரிங் தேய்ந்து, அதன் ஆயுள் முழுக்க நூல் அறும்.

இது அத்தனையும் என் கையால் செய்தவன் நான். பரணிலிருந்து ராக்கெட்டை எடுத்த அன்றைக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் வேறு, அதனால் பயம் இருந்தது. உடம்பு என்னுடையது என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் மறுபடி தரைக்குப் போனேன். இந்த முறை வெள்ளோட்டம்.

முதலில் நடை. வலியில்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க வரும்வரை வேறு எதுவும் கிடையாது. கூடவே குதிகால் தூக்குதல். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் மெதுவாக எழும்பி, அதைவிட மெதுவாக இறங்க வேண்டும். இறங்குவதில்தான் பலன். அப்புறம் ஒற்றைக் காலில். நல்ல காலில் எத்தனை முடிகிறதோ அதே எண்ணிக்கை அடிபட்ட காலிலும் வரவேண்டும் என்பது பிசியோ வைத்த பரீட்சை. என் இடது கால் 22 எடுத்தது. வலது கால் முதல் நாள் 4. இருபதைத் தொட ஒன்பது வாரம் ஆனது. மனைவி அடுப்படிச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தாள். நான் ஆறு எடுத்துவிட்டு எட்டு என்று சொன்னால் அழித்துவிட்டு ஆறு என்று எழுதுவாள்.

பிறகு மெல்லோட்டமும் நடையும் மாறி மாறி. பிறகு குதித்தல், பக்கவாட்டில் ஓடுதல், பின்னால் ஓடுதல். ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் கூட்டலாம். தூரம் கூட்டினால் வேகம் பழையபடியே, வேகம் கூட்டினால் நேரம் பழையபடியே. மறுநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து எட்டுதான் நீதிபதி. அதில் நேற்றைவிட வலித்தால் ஒரு படி இறங்க வேண்டும். ஒருமுறை கிழிந்த இடம் மறுபடி கிழியத் தயாராகவே இருக்கும் என்பதால் இதில் சமரசம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்து, டாக்டரிடம் நெஞ்சுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். ஆட்டத்தின்போது நெஞ்சு இறுகினால் அது சுளுக்கு என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

வார்ம் அப் என்றால் கையைச் சுழற்றுவது என்ற எண்ணமும் போனது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2006 வாக்கில் ஓட்டம், காலை வலுப்படுத்தல், சமநிலை எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்கு ஒரு பயிற்சி முறை வகுத்தது. நார்வேயில் பதின்வயதுப் பெண்கள் அணிகளில் அதைச் செய்ய வைத்துப் பார்த்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தக் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம்மூர்ச் சிலம்ப ஆசான்களும் கையில் கம்பைத் தருவதற்கு முன் காலடி வரிசையைத்தான் போட வைக்கிறார்கள். கம்பு கைக்கு வரும்போது கால் தயாராக இருக்கும்.

கடைசியாக ஆட்டம். அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: முதல் ஆறு ஞாயிறு எண்ணிக்கை கிடையாது. சும்மா பந்தைத் தட்டுவது, சர்வீஸ் போடுவது, எட்டாத பந்தை எட்டாமல் விடுவது. கடைசிதான் ரொம்பக் கஷ்டம். சாமியாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அருள் வந்துவிட்டால் தீக்குழியில் நடந்தாலும் சுடுவது தெரியாது, இறங்கிய பிறகுதான் கால் தெரியும். எங்களுக்கு எண்ணிக்கைதான் சாமி. '17க்கு 16' என்று யாராவது உரக்கச் சொன்னால் போதும், ஏறிவிடும். அப்புறம் உடம்பு சொல்வது காதில் விழாது. தேரை ஏன் சாமி ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மைதானத்தில் எண்ணாமல் ஆடிய அந்த ஆறு ஞாயிறில் விளங்கியது. அச்சு கிரீச்சிடும் சத்தம் அப்போதுதான் கேட்கும்.

ஏழாவது ஞாயிறு ஒரே ஒரு கேம் ஆடினேன். தோற்றோம். கால் நன்றாக இருந்தது.

2023 ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். வடத்தில் கை வைத்தேன். அக்கா திண்ணையிலிருந்து, "பாத்து இழு, பாத்து இழு" என்று 'கோவிந்தா' சத்தத்துக்கு மேலே கத்தினாள். நான் பார்த்ததெல்லாம் சக்கரத்தடியில் குனிந்து வந்துகொண்டிருந்தவரைத்தான். தேரை நிமிர்ந்தே பார்க்கவில்லை அவர். கண் முழுக்கச் சக்கரத்தில், கை முழுக்கக் கட்டையில்.

இப்போது ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு நான்தான் தரையைத் திறக்கிறேன். போன மாதம் புதிதாக ஒருவர் வந்தார். 46 வயது, கூரியர் கடை வைத்திருக்கிறார், காலேஜில் ஆடியவராம். கட்டம் போட்ட புது ஷூ, புது ராக்கெட், விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை.

"எத்தனை வருஷம் ஆச்சு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு இருக்கும். ஆனா டச் விட்டுப்போகலை."

ராக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தேன். பந்துக் கூடையை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னைக்கு நீங்க பந்து பொறுக்குங்க."

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "என்ன அண்ணாச்சி, வந்ததும் வராததுமா முட்டுக்கட்டை போடுறீங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.